கண்ணாடித் துண்டு

தந்திக் கந்தோரை இடிக்கவில்லை, மிஸ்டர் தைரியநாதன்.
போன கிழமை சுண்ணாம்பு பூசி முடித்தார்கள்.
திறப்புவிழாப் பந்தலில்
பேசிய ஐந்து பேரும்
உங்கள் பெயரை விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஞாபகம் வந்தது மான்தான்.
பதினேழாவது மனுவோடு
கச்சேரி வாசலில் நின்றோம்;
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
கடைசித் தாளைத் தின்றுவிட்டது.
"கையெழுத்து முழுக்க அதின்ரை வயிற்றுக்குள்ளை" என்று
மீன் சந்தைக்குத் திரும்பினீர்கள்.
நூர்தீன் செதில் ஒட்டிய பெருவிரலை
மறுபடி வைத்தார்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.
"அப்பு செத்த தந்தி
இந்த யன்னலாலைதான் வந்தது.
எனக்கு இந்தக் கட்டடத்திலை கோபம்.
கோபிக்க ஒரு இடம் வேணுமே."

வெடிப்புகளுக்குக் குறுக்கே
கண்ணாடித் துண்டு ஒட்டித்
திகதி எழுதி வைப்பீர்கள்.
சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

பூச்சுக்காரர் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள்.
படிக்கட்டின் கீழே ஒன்று தப்பியிருக்கிறது:
உங்கள் சாய்ந்த எழுத்து,
ஆஸ்பத்திரிக்குப் போன கிழமையின் திகதி.

விரலை வைத்தேன்.
துறைமுக வீதியில்
மா லொறி ஒன்று போக
நிலம் அதிர்ந்தது.
எடுக்கவில்லை நான் விரலை,
அடுத்த லொறி வரும்வரை.