ஒரு மாதிரி

இருபத்தெட்டு வருஷமாக
மூட்டையில் குத்தூசி செருகி
ஒரு பிடி ஜவ்வரிசி உருவுவதுதான் என் வேலை.
வெண்மை, ஈரம், புளிப்பு, மண்.
தொண்ணூறு கிலோவுக்கு அந்த ஒரு பிடி சாட்சி.
மாதிரி என்போம் அதை.

மார்கழியில் ஒரே லாட்டுக்கு
இரண்டு தரம் எழுதிவிட்டேன்.
லூர்து பார்த்தாள், பேசாமல் ஒன்றை அடித்தாள்.
அப்புறம் ஒருநாள் தராசைக் காட்டி
"அந்த... எடை பாக்கறது" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அதில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

ஐந்து ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட லேப்.
யுவனேஷ் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
"சுருக்குன்னு இருக்கும்மா" என்றான்.
குத்தூசிக்குச் சின்னத் தங்கச்சி.
ஊதா மூடிக் குழாயை
எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினான், குலுக்கவில்லை.
கைநிதானம் உள்ளவன். எங்கள் ஆலைக்கு வந்தால்
அன்றைக்கே சேர்த்துக்கொள்வேன்.

சுழற்றி எடுத்ததைக் காட்டச் சொன்னேன்.
சிவப்பு அடியில், மேலே வைக்கோல் நிறத் தெளிவு.
எங்கள் தொட்டியிலும் கிழங்குப்பால்
இரவெல்லாம் இப்படித்தான் படியும்.
நாங்கள் அடியில் நின்றதை வைத்துக்கொண்டு
மேல்தண்ணீரை ஓடையில் விடுவோம்.
இவர்களுக்கு மேல்தண்ணீர்தான் வேண்டுமாம்.

டாவ் என்று ஒரு புரதம்.
மூளையில் கசடு சேரத் தொடங்கினால்
மறதிக்குப் பல வருஷம் முன்பே
ரத்தத்தில் கசிந்து காட்டிக்கொடுக்குமாம்.
அதற்கு ஒரு எண், இருநூற்றுப் பதினேழு,
லாட் நம்பர் மாதிரியே.
இதை மட்டும் மறக்க மாட்டேன் போலிருக்கிறது.

ஐஸ் பெட்டியில் வைத்து
ராத்திரி வண்டியில் பெங்களூருக்கு அனுப்பினார்கள்.
படுத்தபடியே கூடப் போனேன்:
ஓமலூர், தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி...
அங்கே கொஞ்சம் நின்றது.
வண்டி அல்ல, நான்.
ஓசூர். வந்துவிட்டது.

பதினோராம் நாள் காகிதம்.
இல்லை என்னும் கோட்டுக்கு மேலே
ஆம் என்னும் கோட்டுக்குக் கீழே.
"இடைப்பட்டது. தீர்ப்பு இல்லைம்மா இது" என்றார் டாக்டர்.
முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்கலாம்,
அல்லது ஒரு வருஷம் கழித்து மறுபடி ரத்தம்.

எனக்குத் தெரியும் அந்தக் குவியல்.
வெள்ளையும் அல்ல, கழிவும் அல்ல.
சிவப்பு மையில் மறுபார்வை என்று எழுதிக்
களத்து வெயிலில் பரப்பிவிடுவோம்.
சிலது தேறும்.
எத்தனை என்று
நான் கணக்கு வைத்ததேயில்லை.

"என்னவாம்?" என்றார் செங்கோட்டுவேல்
ரிமோட்டைத் தேடிக்கொண்டே.
"ஒரு மாதிரிதான்" என்றேன்.
நல்லதுக்கு எடுத்துக்கொண்டார்.
டி.வி. சத்தம் கூடியது.

நாளைக்கு ஆறு லாரி லோடு.
குத்தூசியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.
வைத்தேனா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.
எல்லோரும் பார்ப்பதுதான் அது.