மீதிச் சாய்வு

வால்பரைசோவில், குன்றின் நடுவயிற்றில்,
கடல் பக்கம் ஏழு சென்டிமீட்டர் இறங்கி நிற்கிறது எங்கள் வீடு.
ரசமட்டம் வைத்துப் பார்த்த பொறியாளர் ஒலாயா
"நிமிர்த்திவிடலாம்" என்றாள்,
பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பதுபோல.

வெளியே நெளிதகரம், உள்ளே களிமண்,
நடுவே கப்பலில் வந்திறங்கிய பைன் மரம்.
தகரம் கழற்றிய அன்று
எலிகள் சேர்த்துவைத்த டிராம் டிக்கெட்டுகள் கொட்டின.
ஒரு குழந்தையின் செருப்பும்.
எங்கள் குழந்தை யாருடையதும் இல்லை.
உள்ளேயே திரும்ப வைக்கச் சொன்னேன்.
நொல்பெர்த்தோ ஏனென்று கேட்காமல் வைத்தான்.

பாரம்பரிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்,
வண்ண அட்டைகளை விசிறியாய் விரித்தபடி.
"மூல நிறம் எதுவோ அதைத்தான் பூச வேண்டும்."
சுரண்டினோம்.
அம்மாவின் மஞ்சள், இழுவைப்படகுக்கு அடித்ததில் மிஞ்சியது
(மிஞ்சியது என்றுதான் அப்பா சொல்வார்).
அதனடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் ஒரு ரோஜா நிறம்,
யார் யாரைக் காதலித்த ஆண்டோ.
பிறகு நீலம், துருச்சிவப்பு,
பிறகு வெறும் தகரம்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
தகரமூலமும்தான்.

ஜாக்கி வைத்தார்கள்.
நாளுக்கு அரை சென்டிமீட்டர்.
மூன்றாம் நாள் சமையலறைக் கதவு மூட மறுத்தது.
நான்காம் நாள் படுக்கையறைக் கதவு திறக்க மறுத்தது;
உள்ளே என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

நொல்பெர்த்தோ கீல்களை உருவிக்
கதவை மேசைமேல் கிடத்தினான்.
மேல்விளிம்பு ஆப்புப்போல் சரிந்திருந்தது,
ஒரு பக்கமாகவே இழைத்து இழைத்து.

எண்பத்தைந்து நிலநடுக்கத்துக்கு மறுவாரம்
அப்பா இழைப்புளியோடு அறை அறையாகப் போனார்.
பதினோரு கதவு. ஒன்பது சன்னல்.
வீட்டைத் திருத்தக் காசில்லை,
கதவுகளைத் திருத்தினார்.
அலமாரிக் காலுக்கு மரத்துண்டு,
கட்டில் காலுக்கு மடித்த தோல்.
எங்களுக்குத் தெரிந்த மட்டம் அதுதான்.

அழைத்தது இக்னாசியா, அந்தோஃபகாஸ்தாவிலிருந்து.
"பாதிப் பணம் என்னுடையது.
நேரான வீடுதான் விலைபோகும்."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"உருளைக்கிழங்கு இன்னும் சன்னல் பக்கமே உருளுதா?"
"மெதுவாக."
"நிறுத்தச் சொல்."

ஒலாயா சத்தம் போட்டாள். பிறகு கணக்குப் போட்டாள்.
அடியில் கான்கிரீட், மூலைகளில் இரும்பு.
அறிக்கையில் கையெழுத்துக்கு மேலே எழுதினாள்:
மீதிச் சாய்வு, ஐந்து.
ஏற்றிவிட்ட இரண்டுக்கு
ஒவ்வொரு கதவின் தலையிலும் ஒட்டுப்பட்டை.
புது மரம் வெளிறித் தெரிகிறது,
சாயமடித்து மறைக்க வேண்டாமென்றேன்.

நிறம் இன்னும் முடிவாகவில்லை;
படிவத்தில் மஞ்சளுக்கு நேரே "ஆவணம் இல்லை" என்றிருக்கிறது.
ஜூன் மழை வந்துவிட்டது.
வெறுந்தகரத்தில் அது பேசுகிற பேச்சில்
நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இரவு சூப் ஊற்றினேன்.
அதே பக்கம்தான் ததும்பியது, முன்பைவிடக் குறைவாக.
நொல்பெர்த்தோ தட்டைத் திருப்பிவைத்துப் பார்த்தான்.