எடைக் குறிப்பு

செவ்வாய்க்கிழமை குளுஸ்கா செத்துக் கிடந்தாள்.
உடனே எடுத்துவிடாதீர்கள், மற்றவன் மோந்து பார்க்கட்டும்
என்றார் தொலைபேசியில் கால்நடை மருத்துவர்.
அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.
திரும்பி வந்தபோது
க்ரோஷெக் அவள் காதை நக்கி ஈரமாக்கியிருந்தான்.
அவள் தலைக்கு அடியில் கிடந்த காய்ந்த புல்லையும்
உருவித் தின்றிருந்தான்.
அதற்குப் பிறகுதான் தின்பதை விட்டான்.

இஸாஃப்யோர்துரில் பிப்ரவரி மண் என்பது கல்.
மண்வெட்டி பட்டால் கணீரென்கிறது.
ஆலையிலிருந்து கொண்டுவந்த தெர்மோகோல் பெட்டி,
மேலே 'ஹாடக், ஐந்து கிலோ' என்று அச்சிட்டது,
அதற்குள் என் பழைய கம்பளித் தொப்பியை விரித்து
அவளைக் கிடத்திப் பால்கனிப் பனிக்குள் செருகினேன்.
மே மாதம் வரை அங்கேதான்.

எங்கள் போலிஷ் மொழியில் இவற்றுக்குக்
கடல் பன்றிக்குட்டி என்று பெயர்.
பன்றியும் இல்லை, கடலோடு ஒட்டும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே இவ்வளவு கடல் கிடக்கிறது,
க்ரோஷெக் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பகலில் என் வேலை எடை போடுவது.
காட் மீன் துண்டங்கள் பட்டையில் நகர்ந்து வரும்,
எண் மினுங்கும், போகும், அடுத்தது வரும்.
பன்னிரண்டு வருடத்தில் எந்த மீனின் எடையும்
என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.
இரவில் சமையலறைத் தராசில் இவனை வைக்கிறேன்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன்:
தொள்ளாயிரத்து நாற்பது.
தொள்ளாயிரத்துப் பதினொன்று.
எண்ணூற்று எழுபத்தாறு.
இந்தச் சின்ன வயிறு ஒருமுறை நின்றுவிட்டால்
மறுபடி ஓட வைப்பது கஷ்டமாம்.

ஆகவே இரண்டு மணிக்கு எழுகிறேன். ஆறு மணிக்கு எழுகிறேன்.
பச்சைப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து
ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி
கடைவாய் ஓரமாகக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
துண்டில் சுற்றிய அவன் இதயம்
என் உள்ளங்கையில் தையல் இயந்திரமாய் ஓடுகிறது.
பாதி என் சட்டையில். பாதி அவன் மோவாயில்.
உள்ளே போனது எவ்வளவு என்பது
கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டான்
மேற்பார்வையாளன் எர்னோல்வுர்.
சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.
மறுநாள் மாலை ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு
என் காலணிக்குள் கால் விட்டால்
ஒரு கட்டு பார்ஸ்லி,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

ஃப்ளாட்டேய்ரியில் ஒரு பையனிடம்
இன்னொன்று தனியாக இருக்கிறதாம். வந்து பாருங்கள் என்கிறார்கள்.
மலையைக் குடைந்து போகும் பாதை
மலைக்குள்ளேயே இரண்டாகப் பிரியும்.
அது பரவாயில்லை. பாதை தாண்டியதும்
பனிச்சரிவு அபாயம், சாலை மூடல், இன்றோடு ஐந்து நாள்.
'நாளை பார்க்கலாம்' என்று
பையனின் அம்மா தினமும் செய்தி அனுப்புகிறாள்.
எனக்கும் அவசரமில்லை போலிருக்கிறது.
குளுஸ்கா படுத்த மூலையில் இவன் இன்னும் படுப்பதில்லை.
கூண்டில் சரிபாதியைக் காலியாக வைத்திருக்கிறான்,
கோடு போட்டாற்போல.

நேற்று, பதினோராம் இரவு,
குடைமிளகாய்க்காகக் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு விசில்.
துருப்பிடித்த, பாதியில் உடைந்த விசில்.
முன்பு இந்தக் கதவு திறந்தால் இரண்டு குரல் எழும்.
இவன் ஒன்று கத்தி நிறுத்துவான்,
அவள் கத்துவதற்கு இடம் விட்டு.
நேற்றும் நிறுத்தினான்.
இடம் விட்டான்.

கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன்.
வெகுநேரம் திறந்து கிடந்ததால்
குளிர்பெட்டி 'பீப்' என்றது.
க்ரோஷெக் பதில் சொன்னான்.
அது மறுபடி. இவன் மறுபடி.
என் கணுக்காலில் குளிர் கொட்டிக்கொண்டிருந்தது.
பால் கெட்டால் கெடட்டும்.