நடுவில் நீலம்

தலைப்பு: அமிலங்களும் காரங்களும்.
இடம்: ராணிப்பேட்டை, சிப்காட் பக்கத்துப் பள்ளி.
மாதிரி: ஒன்பதாம் வகுப்பு, இரு பிரிவுகள்.
அப்படித்தான் தொடங்குகிறது என் செயலாராய்ச்சி.

'அ' பிரிவுக்குச் சுண்ணக்கட்டி.
வரையறை, சமன்பாடு, மறுபடி வரையறை.
ஆவணியிலும் விடாத வெயிலில்
மின்விசிறி நின்ற பிறகும்
நாற்பத்தொரு குரல் ஒரே மூச்சில்
நீல லிட்மஸைச் சிவப்பாக்கும்.
லிட்மஸை அவர்கள் கண்டதில்லை.

'ஆ' பிரிவுக்கு ஆய்வகம்.
அதாவது பூட்டிய அறை,
அதாவது சாவியோடு துளசிங்கம் வரும்வரை வராந்தா.
பியூரெட் இரண்டில் ஒன்று ஒழுகியது.
பினாப்தலின் தீர்ந்து இரண்டு வருடம்.
வேலியோரச் செம்பருத்தியைக் கொதிக்கவைத்தோம்:
எலுமிச்சையில் ரோஜா நிறம், சோப்புத் தண்ணீரில் பச்சை.
ஒரே கூச்சல்.
அதட்ட வந்த கணக்கு டீச்சர்
தானும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்தேர்வில், இருபத்தைந்துக்கு
'அ' பதினேழு, 'ஆ' பதினான்கரை.
மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் வைத்த தேர்வில்
'அ' பதினொன்று, 'ஆ'வும் பதினொன்று.
இதை வைத்து என்ன எழுத?
"ரெண்டாவது டெஸ்டை விட்டுடுங்க மேடம்"
என்றார் மேற்பார்வையாளர்.

அந்த இரண்டாவது கட்டில்தான் யோவேலின் தாள்.
'அ' பிரிவு, கடைசி பெஞ்ச்.
நிறங்காட்டி என்றால் என்ன?
வரையறைக்கு விட்ட இடத்தில் எழுதியிருந்தான்:

எங்கப்பா டேனரில டிரம்ம நிறுத்தி
தோல்ல ஒரு துண்டு வெட்டுவாரு.
வெட்டுன எடத்துல சொட்டு வுடுவாரு.
மேலயும் கீழயும் மஞ்சளாயிடும்.
நடுவுல நீலமா கோடு தெரிஞ்சா
ஆசிட் இன்னும் உள்ள போவல.
திரும்பி ஓட வுடணும்.
சும்மா மேலாக பாத்தா தெரியாது மிஸ்.

விடைக்குறிப்பில் இது இல்லை.
முழு மதிப்பெண் வாங்கிய தாள்களை
மறுபடி எடுத்துப் புரட்டினேன்.
அச்சு அசலாக வரையறை,
ஒரு காற்புள்ளி பிசகவில்லை.
போன வாரம் அதைப் பார்த்துத்தான் பூரித்திருந்தேன்.

யோவேலுக்கு அரை மதிப்பெண் போட்டேன்.
அடித்துவிட்டு ஒன்றரை.
தசமம் காட்டாத கட்டத்தில்
கணினி அதை இரண்டாக்கிக் காட்டியது.
நானும் திருத்தவில்லை.
எந்த முறையின் கணக்கில் சேரும் இந்த இரண்டு
என்பதற்கு அறிக்கையில் பத்தி கிடையாது.

துளசிங்கத்திடம் சாவிக்கு ஒரு நகல் கேட்டிருக்கிறேன்.
அந்தச் சொட்டின் பெயரென்ன என்று
அப்பாவிடம் கேட்டு வரச் சொன்னேன் யோவேலை.
இன்னும் வந்து சொல்லவில்லை.
நைட் ஷிஃப்டாம் அவருக்கு,
இவன் எழும்போது தூங்குகிறாராம்.