பச்சை நூல் கட்டிய சாவி

கொச்சியில் ஏற்றியது அமெரிக்காவின் பழைய தாள்.
உடுமலை மில்லுக்குப் போனால் கூழ்,
கூழானால் அட்டை,
அட்டையானால் யாரோ வீட்டு மிக்ஸிப் பெட்டி.
அதுவரை பேல்களின் மேல் தார்ப்பாய்,
தார்ப்பாயின் மேல் நான்,
கிளீனர் சின்ராசு.
அண்ணன் சட்டை, அண்ணன் கைலி.
ரேஷன் கார்டில் அவன் பேரின் மேல்
இன்னும் யாரும் கோடு போடவில்லை.

டிரைவர் ஆறுக்குட்டிக்குத் தெரியுமா?
நாலு வருசமாக என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுகிறார்.
அடுத்தவர்கள் இருந்தால்
கொஞ்சம் கூடுதல் சத்தமாக.

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் மழை.
எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டி,
அதில் மூன்று மாட்டு லாரி.
நனைந்த பேல் ஒன்று வாய் பிளந்து
புத்தகம் ஒன்றைத் துப்பியது.
அட்டைப் படத்தில் ஒரு மாலுமிப் பையன் மயங்கிக் கிடக்கிறான்.
வைத்தியர் அவன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டார்.
சுற்றிலும் தாடிக்காரர்கள்,
பேய் கண்ட முகத்தோடு.

பில்லோடு அதையும் ஏன் நீட்டினேன்?
சீல் குத்தும் ரம்லத் மேடம்
மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே இழுத்துப் புரட்டினார்.
"நூற்றைம்பது கொல்லம் முந்தின கதையாக்கும்.
ஒரு பெண்ணு. கப்பலில் போன காதலனைத் தேடி
ஆண்வேஷம் கட்டிக் கப்பலேறுறா.
பாய்மரம் ஏறுறா, சுருட்டு வலிக்கிறா, பீரங்கிக்குத் தீ வைக்கிறா.
ஒருத்தனுக்கும் சந்தேகமில்லை.
தொப்பி போட்டிருக்காளே!"

"அவ எங்க ஒண்ணுக்குப் போவா?"

கேட்ட பிறகுதான்
என் குரல் என் காதில் விழுந்தது.

மேடம் சிரிக்கவில்லை.
புயலைப் புரட்டினார், கொள்ளைக்காரர்களைப் புரட்டினார்,
ஒரு முழுப் போரையும் விரலால் தள்ளினார்.
"அதெழுதலை" என்றார். "ஒரு இடத்திலும் எழுதலை."

எழுதியவனுக்கு என்ன தெரியும்?
பாலக்காட்டில் நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு
பொள்ளாச்சி வரை அடக்கிவருவது.
ஆண்கள் வரிசையாக நிற்கும் வேலியோரம்
டயர் தட்டிப் பார்ப்பதுபோல் தள்ளிப் போவது.
மாதத்தில் நாலு நாள்
கிரீஸ் துணிகளுக்கு அடியில் இன்னொரு துணி ஒளிப்பது.
பீரங்கியா பெரிசு?

"அப்புறம்?"
"குண்டு பட்டுச்சு. சட்டையத் திறந்தாங்க. பிடிபட்டா."
"அப்புறம்?"
மேடம் கடைசித் தாளை நெடுநேரம் பார்த்தார்.
மாட்டு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
"பின்னே இல்லை. கடைசிப் பக்கம் கீறிப் போச்சு."

புத்தகத்தை மூடி, பில்லில் சீல் குத்தி,
லெட்ஜரில் எழுதினார்:
சின்ராசு. ஆண். வயது 22.
பில்லுக்கு அடியில் சாவி ஒன்று வந்தது,
பச்சை நூல் கட்டியது.
"ஆபீசுக்குப் பின்னால. பல்பு இல்லை.
திரிச்சு பூட்டிக் கொண்டு வா."
நிமிர்ந்தே பார்க்கவில்லை.

விடியக்காலை, மில்லில்,
கூழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்தேன்.
கடைசிப் பக்கம் இருந்தது,
ஓரம்கூட மடங்காமல்.
எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியுமே.
வெள்ளைக் கவுன்.
இடுப்பு வரை கூந்தல், எப்போது வளர்ந்ததோ.
கேப்டன் முழங்காலிட்டிருக்கிறான்.
சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரு சிரிப்பு அவளுக்கு.

அந்த ஒரு தாளைக் கிழித்துத் தொட்டியில் போட்டேன்.
மேடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.
மிச்சம் சீட்டுக்கடியில், ஜாக்கியோடு கிடக்கிறது.

"டேய், தார்ப்பாயை மடிடா!"
மடித்தேன்.

அடுத்த வியாழன் அதே செக்போஸ்ட்.
அந்த நாற்காலியில் ஒரு மீசைக்காரர்.
ஆறுக்குட்டி டீ வாங்கி நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.