ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

வேதாளை முக்கு டிரான்ஸ்பார்மருக்கு
ஒரு சுருதி உண்டென்று
இந்த வருடம்தான் தெரிந்தது.
மாதா கோயில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு
வேலியோரம் உட்கார்ந்து தேடினான் ரீகன்.
"அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலக்கா.
அஞ்சரைக்குப் பத்தாது."
பதினோரு வருடமாக அதன் எதிர்வீட்டில்தான்
குடியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மீட்டர் பார்க்க வருகிறவளுக்குப்
பாட்டு முழுசாகக் கிடைக்காது.
வெள்ளை அட்டையில் தேதி போட்டு
எண்ணைக் குறித்து நிமிர்வதற்குள்
ஒரு பல்லவி, அல்லது பாதிச் சரணம்,
அல்லது குக்கர் விசில்.
மீதிக்கு அடுத்த ரீடிங் வரை பொறுக்கவேண்டும்.

பிரிட்டோவின் டிரம்பெட் அப்படித்தான் கிடைத்தது.
பிப்ரவரியில் அது கன்று ஈனும் மாடு.
ஏப்ரலில் நாலு சுரம் ஏறி ஐந்தாவதில் வழுக்கியது.
ஜூனிலும் அதே இடம், அதே வழுக்கல்.
ஆகஸ்டில் அதற்காகவே
அவர்கள் தெருவைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.
அக்டோபரில் சரியாக வாசித்துவிட்டான்.
அவன் அம்மா வாசலில் நின்று சிரித்தாள்.
எனக்கென்னவோ
யாரோ என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு
போய்விட்டது போலிருந்தது.

மண்டபம் ஐஸ் கம்பெனி கம்ப்ரசர்
ஏழு ஏழாக எண்ணும்.
தகிட தகதிமி, தகிட தகதிமி.
தடைக்காலத்தில் அறுபத்தொரு நாள் எண்ணவில்லை.
"கரண்டு மிச்சம்" என்றார் நம்புராஜன்,
காலி ஐஸ் பெட்டிக்குள் குனிந்து சொல்வது போல.
திரும்பும் வழியில் ஹேண்டில்பாரில்
விரல் தானாக ஏழு தட்டியது.
சிக்னலே இல்லாத சாலையில்
வண்டியை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டேன்.
உப்புக் காற்று. வேறொன்றுமில்லை.

பெரியபட்டினத்தில் சீனி உம்மாள் வீட்டுக் கொல்லையில்
தொதல் கிண்டும் பெண்கள் பாடுவார்கள்;
என் காலடி கேட்டால் நிறுத்திவிடுவார்கள்.
"மீட்டர் முன்னாலதானே இருக்கு?"
முன்னால்தான் இருக்கிறது.
ஆகஸ்டில் நிறுத்தவில்லை.
ஒருத்தி துடுப்பை விடாமல்
கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.
மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு:
அவன் மூக்கு, அவன் மாமன் வாங்கிய கடன்,
சவுதியிலிருந்து அவனோடு வந்த பெட்டியின் எடை.
எண்ணைக் குறிக்க மறந்து
களிமண்குண்டு வரை போய்த் திரும்பி வந்தேன்.
அப்போது பாட்டு முடிந்து, தொதல் ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு துண்டு கொடுத்தார்கள். பல்லில் ஒட்டியது.

பிறகு, அந்தப் பூட்டிய வீடு.
ஆறு தடவையும் 'கதவு பூட்டு' என்றுதான் எழுதியிருக்கிறேன்.
ஆள் இருப்பதாகத் திருடன் நம்பட்டும் என்று
ரேடியோவை ஓடவிட்டுச் சென்னைக்குப் போனவர்களாம்.
முள் நகர்ந்து அக்கரை ஸ்டேஷனில் நிற்கிறது.
ஜூன் மாத மத்தியானம், சிங்களத்தில் ஒரு பெண்குரல்.
ஒரு சொல்லும் புரியவில்லை.
காற்று கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்
திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து போட்டது.
முருங்கை நிழல் நகர்ந்து
வெயில் என் கழுத்துக்கு வரும்வரை நின்றேன்.

போனில் முனகிக் காட்டினால்
பாட்டைக் கண்டுபிடித்துத் தரும் என்றான் ரீகன்.
முனகினேன். சோப்புத்தூள் விளம்பரம் வந்தது.
இன்னொரு தடவை.
நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம்.
ஆக, எனக்குத் தெரிந்த உலகத்தில்
அந்தப் பாட்டு என் தொண்டையில் மட்டும் இருக்கிறது,
அதுவும் தப்பாக.

டிசம்பரில் புயல் என்று லைனை நிறுத்தினார்கள்.
மின்விசிறி நின்றது. பிரிட்ஜ் ஒரு தடவை உதறி அடங்கியது.
கடல் மட்டும், சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாமல்.
எதிரில் டிரான்ஸ்பார்மர்
இரும்பாக மட்டும் நின்றுகொண்டிருந்தது.
யாரும் கேட்கப்போவதில்லை என்று
வாயை மூடிக்கொண்டு அதன் சுரத்தைப் பிடித்தேன்,
ஒரு ஸ்தாயி மேலே.
மூச்சு முட்டும்போது விட்டு, மறுபடி பிடித்து.
நடுவில் தூங்கியும் போயிருக்கலாம்.

நாலேகாலுக்குக் கரண்டு வந்தது.
நான் கொஞ்சம் இறங்கியிருந்தேன்.
சரியாக ஐந்து கட்டையாக இருக்கலாம்.
ரீகனைக் கேட்கலாம் என்றால்
இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பான்.