பொடிசு

பனி வாரும் வண்டிகளை நிறுத்திவிட்டு
டோல்மின் கிடங்கில் நாலு பேர்.
ஹீட்டர்மேல் காயும் கையுறைகள்.

குறி சொல்லும் சீட்டல்ல இது.
இறங்கிய இனத்தைப் போடு.
இல்லையா, துருப்பால் வெட்டு.
அதுவும் இல்லையென்றால்
எதையாவது போட்டுத் தொலை.

மிலோய்கா இருபத்தொன்றை இறக்கினாள்,
சம்பள நாள் முகத்தோடு.
அதன்மேல் கோமாளியை வீசினான் ஸ்டோயான்.
துருப்பே இல்லாத வோய்கோ
ஒரு டைமண்டைப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டான்.

என்னிடம் மிஞ்சியது பகாட்.
துருப்பில் ஒன்றாம் நம்பர்.
எவர் வெட்டினாலும் விழும் பொடிசு.

வைத்தேன்.

மூன்றும் ஒரே பிடியில் விழுந்தால்
பொடிசுக்குத்தான் பிடி.

ஹீட்டர் மட்டும் உறுமியது.
வெளியே கணவாய் மூடிக்கொண்டிருந்தது.

மிலோய்கா
என் தேநீரையும் சேர்த்துக் குடித்தாள்.
பென்சிலைத் தள்ளினாள்:
"இருபத்தொன்றைப் பறிகொடுத்தேனே,
இருபத்தொன்று கழி.
அழுத்தி எழுது."